மூன்று பிள்ளைகளும் ஒரு காரும்

புலம்பெயர் நாடுகளில் வாழ்கின்ற எமது இளங்குடும்பத்தினர் எனக்கு எழுதுகின்ற கடிதங்களில் பெரும்பாலானவை அரசியல் சம்பந்தப்பட்டவை. ஆனால் பத்திரிகையில் சில காலம் வாகனப் பக்கத்தையும் நான் பார்த்துவந்ததை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் இடைக்கிடை வேறொரு கேள்வியையும் கேட்கிறார்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வரும் அக்கேள்வியின் சாரம் ஒன்றுதான்: "மூன்று குழந்தை ஆசனங்களைப் பின்னால் அருகருகே பொருத்தக்கூடிய, அதேவேளை ஓட்டுவதற்கும் இன்பமான கார் ஏதாவது உண்டா?"

கேள்வியின் முதற்பாதியை எல்லோரும் மதிக்கிறார்கள். பிற்பாதியைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்ற பின்னர் ஓட்டும் இன்பம் ஒரு கேடா என்பது பெரியவர்களின் நியாயம். நான் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வதில்லை. இக்கேள்வியின் இரண்டு பாதிகளும் சமமான நியாயம் கொண்டவை. அதற்கு இன்று சுலபமான விடை கிடைக்காமற் போனமைக்குக் காரணம் பெற்றோரின் பேராசையன்று. சட்டத்தை எழுதியவர்களின் கணக்கும் கார்ச் சந்தையின் நாகரிகமும்தான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பிரித்தானியாவில் 2006 செப்டெம்பர் முதல், பிள்ளைக்கு 12 வயதாகும்வரை அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, குழந்தை ஆசனம் கட்டாயம். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் உயர எல்லை 150 சென்ரிமீற்றர். ஒன்ராறியோவில் 8 வயது, 145 சென்ரிமீற்றர் உயரம், 36 கிலோ எடை ஆகியவற்றில் ஏதாவதொன்றை எட்டும்வரை ஏதோவொரு வகை ஆசனம் வேண்டும். இனி, ஒன்று, மூன்று, ஐந்து வயதுகளில் மூன்று பிள்ளைகள் இருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். சுவிற்சர்லாந்தில் அந்த வீட்டின் மூத்த பிள்ளை ஆசனத்தை விட்டு எழும்புவதற்கு ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலமும் மூன்று ஆசனங்கள் காருக்குள் இருந்தாகவேண்டும். ஆக, இது ஒரு மாதத்துச் சங்கடம் அன்று. ஒரு குடும்பத்தின் இளமைக் காலம் முழுவதற்குமான ஏற்பாடு.

யாழ்ப்பாணத்திலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் அம்மம்மாவும் தாத்தாவும் இதற்கு ஒரு தீர்வு சொல்வதுண்டு. "சின்னவனை நான் மடியில வைச்சிருக்கிறன், உதுக்கென்ன ஒரு கதிரை?" அன்பினால் வரும் வார்த்தைதான். ஆனால் பௌதிகவியலுக்கு அன்பு தெரியாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று எதனுடனோ மோதி, முன்பக்கம் நசுங்கி, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை ஏந்தியிருக்கும் கைகள் அந்தக் கணத்தில் 150 கிலோவுக்கும் அதிகமான சுமையைத் தாங்கவேண்டியிருக்கும். எந்தப் பாட்டியின் கைகளும், எந்தப் பயில்வானின் கைகளும் அதைத் தாங்கமாட்டா. விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் கட்டுநாயக்காவில் வான் ஒன்றில் ஏறி யாழ்ப்பாணம் வரையுள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றரையும் பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டே கடப்பதை நான் பார்த்திருக்கிறேன். லண்டனில் பொலிசுக்குப் பயந்து செய்வதை ஏ-9 வீதியில் கைவிடுவதில் பொருளில்லை. எனவே ஆசனம் வேண்டுமா என்ற விவாதத்தை இத்துடன் மூடிவிடுவோம். மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று ஆசனங்கள்.

இப்போது அகலக் கணக்கு. ஐரோப்பாவில் 2013 இல் நடைமுறைக்கு வந்த ஐ-சைஸ் விதிகளின்படி, எல்லா ஐ-சைஸ் கார்களுக்கும் பொருந்தும் என அங்கீகாரம் பெறும் குழந்தை ஆசனம் 44 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் அடங்கவேண்டும். மும்முறை 44 என்றால் 132. நடுத்தரமான குடும்பக் கார் ஒன்றின் பின்னிருக்கையில் தோள் மட்டத்தில் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 135 முதல் 140 சென்ரிமீற்றர் வரைதான். அப்படியானால் அடங்குமே என்று தோன்றும். அடங்காது. இருக்கையின் மெத்தைப் பகுதி தோள் மட்டத்தைவிடக் குறுகலானது. கதவுப் பக்கத்தில் சில்லின் மேல்வளைவு உள்ளே புடைத்து நிற்கும். ஆசனப் பட்டியின் கொளுவி இரண்டு ஆசனங்களுக்கு இடையில் அகப்பட்டுக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரும்புக் கொளுவிகள் கதவோரத்து இரண்டு இடங்களில் அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால், அங்கே மாட்டிய ஆசனத்தைக் கதவுப் பக்கமாக அரை அங்குலமேனும் நகர்த்த முடியாது. நடுவில் எஞ்சுவது ஒரு புத்தகப் பைக்கான இடம், பிள்ளைக்கான இடமன்று.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. அமெரிக்கச் சட்டம் 2002 செப்டெம்பருக்குப் பின்னர் தயாரிக்கப்பட்ட கார்களில் கீழ்க்கொளுவிகளைக் கட்டாயமாக்கியபோது, பின்னால் மூவர் அமரும் காராயினும் இரண்டு இடங்களில் அவை இருந்தாற் போதும் என்றே விதித்தது. மூன்றாவது இடத்துக்கு மேற்பட்டியின் பிடி மாத்திரமே. பிரித்தானியச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. இரண்டு ஆசனங்களைப் பூட்டிய பின்னர் மூன்றாவதற்கு இடமில்லையென்றால், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர்களின் பட்டியை மாட்டிக்கொண்டு பின்னால் இருக்கலாம் என்று அது விலக்களிக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின் உரிய ஆசனத்துடன் முன்னிருக்கைக்குச் செல்லவேண்டும். ஆசனம் இல்லாமற் போவது ஆபத்து என்று சொல்லும் அதே சட்டம், மூன்றாவது பிள்ளை விடயத்தில் கைவிரித்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டையே சட்டம் எழுதியவர்கள் தம் மனதில் வைத்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதன் விளைவு கார்க் கொட்டகையுடன் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் டெனசி மாநிலம் 1978 இல் தொடக்கிவைத்த குழந்தை ஆசனச் சட்டம் பின்னர் எல்லா மாநிலங்களுக்கும் பரவி, வயதெல்லையும் படிப்படியாக உயர்ந்தது. ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சொலமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று, மாநிலத்துக்கு மாநிலம் அந்த வயதெல்லை மாறிய விதத்தையும் மூன்றாவது பிள்ளையின் பிறப்பையும் ஒப்பிட்டது. 2017 ஆம் ஆண்டில் இச்சட்டங்களால் காப்பாற்றப்பட்ட சிறுவர் உயிர்கள் 57 என்றும், அதே ஆண்டில் பிறக்காமற் போன குழந்தைகள் ஏறத்தாழ 8,000 என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். 1980 முதல் கணக்கிட்டால் பிறக்காதோர் தொகை 145,000. கார் உள்ள வீடுகளிலேயே இந்த விளைவு காணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. மதிப்பீடுதான்; மறுத்துப் பேசுவோரும் இருப்பர். ஆயினும் 'மூன்றாவது பிள்ளை என்றால் புதிய கார்' என்ற கணக்கை இரவில் படுக்கையில் கிடந்து போட்டுப் பார்த்த தம்பதியருக்கு அந்த எண்கள் விநோதமாகத் தோன்றாது. இதனைக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. எனது அபிப்பிராயம் அதுவன்று. 57 பிள்ளைகளின் உயிரை விலை பேசலாகாது. மாறவேண்டியது காரின் பின்னிருக்கை.

அப்படி மாற்ற முடியுமா என்று கேட்டால், அது முன்னரே மாற்றப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கையான உண்மை. 1984 இல் ரெனோ நிறுவனத்தின் எஸ்பாஸ் வந்தபோது ஐரோப்பாவில் குடும்பத்துக்கான கார் என்ற சிந்தனையே புதிதாகத் தொடங்கியது. 1998 இல் வந்த ஃபியட் முல்டிப்லா நான்கு மீற்றருக்கும் குறைந்த நீளத்துக்குள் முன்னால் மூவரையும் பின்னால் மூவரையும் இருத்தியது. அதன் முகத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. உள்ளே இருந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். 2004 இல் ஹொண்டா எஃப்.ஆர்-வி அதே மூன்றுக்கு மூன்று ஏற்பாட்டுடன் வந்தது.

2006 இல் வந்த ஃபோர்ட் எஸ்-மக்ஸ் இக்கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் ஒருங்கே விடை சொன்னது. மொண்டியோ காரின் அடித்தளத்தில், அதன் தமையனான கலக்ஸியைவிடத் தாழ்ந்த கூரையுடன், நடுவரிசையில் தனித்தனியான மூன்று இருக்கைகளுடன் அது அமைந்திருந்தது. ஃபோகஸ் எஸ்.ரி. என்ற இளைஞர் காரில் இருந்த அதே ஐந்து சிலிண்டர் 2.5 லீற்றர் ரேர்போ இயந்திரத்துடனும் அதனை வாங்க முடிந்தது. ஐரோப்பாவின் மோட்டார்ப் பத்திரிகையாளர்கள் 2007 ஆம் ஆண்டுக்கான சிறந்த கார் விருதை அதற்கே கொடுத்தார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு வாகனம், ஓட்டுவோரை மகிழ்விக்கும் காரணத்துக்காகவும் போற்றப்பட்டமை சிறிய விடயமன்று. அட்லாண்டிக்குக்கு அப்பால் மஸ்டா-5 அதே வழியில் வந்தது. மஸ்டா-3 இன் உறவினரான அதனை 2015 வரை அமெரிக்கர்கள் கையால் கியர் மாற்றும் பெட்டியுடனேயே வாங்கக்கூடியதாக இருந்தது. நடுவில் இருவர், பின்னால் இருவர் என்ற ஏற்பாட்டினால் மூன்று ஆசனங்களை அருகருகே திணிக்கவேண்டிய தேவையே அதில் எழவில்லை.

எஸ்-மக்ஸின் உற்பத்தி 2023 இல் நிறுத்தப்பட்டது. கலக்ஸியும் கூடவே போயிற்று. வொக்ஸ்வேகன் ஷரான் அதற்கு முந்திய ஆண்டிலேயே விடைபெற்றிருந்தது. 2009 இல் எம்.பி.வி. ஆகப் பிறந்த பேஜோ 5008, 2017 இல் எஸ்.யூ.வி. ஆக உருமாறியது. எஸ்பாஸ் என்ற பெயரே 2023 இல் ஓர் எஸ்.யூ.வி.க்குச் சூட்டப்பட்டுவிட்டது. சனங்கள் உயரமான வண்டியைக் கேட்டார்கள். உற்பத்தியாளர்களுக்கும் அதில் இலாபம் கூடுதல். இதில் எமது மக்களுக்கும் ஒரு பங்குண்டு. கல்யாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் உயர்ந்து நிற்கும் வண்டிக்குக் கிடைக்கும் மரியாதை, சறுக்குக் கதவு வைத்த குடும்ப வண்டிக்குக் கிடைப்பதில்லை. அந்த மரியாதைக்காக மாதாமாதம் கடன் கட்டுகிறவர்கள், வண்டியின் உயரத்தைப் பார்த்த அளவுக்குப் பின்னிருக்கையின் அகலத்தைப் பார்ப்பதில்லை. ஏழு பேர் அமரலாம் என்று விற்கப்படும் எஸ்.யூ.வி.கள் பலவற்றில் நடுவரிசையில் இரண்டு இடங்களில்தான் கொளுவிகள் உண்டு. மூன்றாவது பிள்ளை கடைசி வரிசைக்குப் போகவேண்டும். அங்கே பின்மோதல் ஒன்றுக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. மழையில் நின்று, உள்ளே தவழ்ந்து சென்று, அந்தப் பட்டியை மாட்டிவிடும் தாயின் முதுகைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை.

இனி, ஓட்டும் இன்பம் என்பதைப் பற்றி. அதனை வேகம் என்று புரிந்துகொள்வோரே சிரிக்கிறார்கள். நான் சொல்வது வேறு. சுக்கானைத் திருப்பினால் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பவேண்டும். வீதியின் நிலை கைக்குத் தெரியவேண்டும். பிரேக்கை மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் உறுதியாகவும் நிற்கவேண்டும். வளைவில் உடல் சாயாமல் செல்லவேண்டும். இவை விளையாட்டுக் குணங்கள் மட்டுமல்ல. திடீரென ஒருவர் குறுக்கே வந்தால் விலகித் தப்பும் ஆற்றலும் இவையே. தாழ்ந்து, எடை குறைந்து, இறுக்கமாக அமைந்த கார் இவற்றை இயல்பாகவே தருகிறது. உயர்ந்து கனத்த வண்டி இவற்றைப் பெறுவதற்கு அகன்ற சில்லும் விலையுயர்ந்த தொழில்நுட்பமும் தேவைப்படுகின்றன. வளைவுக்கு வளைவு ஊஞ்சல்போல ஆடும் வண்டியில் பின்னால் இருக்கும் பிள்ளை சத்தி எடுப்பதை அனுபவித்த பெற்றோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இக்கேள்வியை எனக்கு எழுதியவர்களில் பெண்கள் கணிசமானோர். பாடசாலை, நீச்சல் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மிருதங்க வகுப்பு என்று வாரம் முழுவதும் சுக்கானைப் பிடித்திருப்பவர்கள் அவர்கள்தாம். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் அந்தப் பத்து நிமிட வீதி மட்டுமே அவர்களில் பலருக்குச் சொந்தமான நேரம். அந்த நேரத்தைத் தரும் வண்டி கொஞ்சம் உயிருள்ளதாக இருக்கட்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அதனைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, கேட்டவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

முதலாவது, காரை மாற்றுவதற்கு முன்னர் ஆசனத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒடுங்கிய ஆசனங்கள் சந்தையில் உண்டு. மூன்றையும் புதிதாக வாங்கினாலும் காரின் விலையில் அது சிறு துண்டே. அவை ஐசோஃபிக்ஸ் கொளுவியில்தான் மாட்டப்படவேண்டும் என்பதில்லை. ஆசனப் பட்டியால் கட்டுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசனமும் சரியாகக் கட்டினால் பாதுகாப்பானதே. பட்டியால் கட்டும்போது ஆசனத்தைக் கதவுப் பக்கமாகச் சற்று நகர்த்தலாம். அந்த இரண்டு அங்குலமே பலருக்குப் போதுமானதாகிவிடும். பின்னோக்கிய ஆசனமும் முன்னோக்கிய ஆசனமும் அகலம் கூடும் இடங்கள் வெவ்வேறானவை என்பதால், அவற்றை மாறிமாறி வைத்தால் மூன்றும் இசைந்து நிற்பதுண்டு. முன்னிருக்கையைப் பயன்படுத்துவதாயின், பின்னோக்கிய ஆசனத்துக்கு முன்னால் காற்றுப்பை செயற்படும் நிலையில் இருக்கவே கூடாது.

இரண்டாவது, விற்பனை நிலையத்துக்கு மூன்று ஆசனங்களையும் காவிக்கொண்டு செல்லுங்கள். விற்பனையாளர் "போகும், போகும்" என்பார். அவர் முன்னிலையிலேயே பூட்டிக் கதவைச் சாத்திப் பாருங்கள். மூத்த பிள்ளை தன் பட்டியைத் தானே மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். அதன் பின்னர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுவட்டத்தையும் ஒரு மேடுபள்ளமான வீதியையும் ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

மூன்றாவது, பழைய வண்டியை இழிவாக எண்ணாதீர்கள். 2015 இல் வந்து 2023 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை எஸ்-மக்ஸில் நடுவரிசையின் மூன்று இருக்கைகளுக்கும் கொளுவிகள் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர் என்னைக் கேட்டால், நன்கு பராமரிக்கப்பட்ட ஒன்றைத் தேடுங்கள் என்றே முதலில் சொல்வேன். 2015 இல் வந்த வொக்ஸ்வேகன் டூரான் அவ்வளவு துடிப்பானதல்ல. ஆனால் மூன்று கொளுவிகள் கொண்ட, கோல்ஃப் காரின் பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுக்கமான வண்டி. எஸ்.யூ.வி. தான் வேண்டும் என்பவருக்கு 2017 இன் 5008 நடுவரிசையில் மூன்று தனி இருக்கைகளையும் மூன்று கொளுவிகளையும் தருகிறது. 2018 இன் சிட்ரோன் பெர்லிங்கோ சாமான் ஏற்றும் வானின் உடன்பிறப்பு. இன்பம் என்று சொல்வதற்கில்லை, எனினும் மூன்று பிள்ளைகளை அது போல் இலகுவாக ஏற்றி இறக்கும் வண்டி அந்த விலையில் அரிது. பிள்ளைகள் சற்று வளர்ந்துவிட்டால் வழி இன்னும் விரிகிறது. இருக்கைக்குள்ளேயே மடங்கியிருக்கும் உயர்த்தியை வொல்வோ நிறுவனம் 1990 இலேயே அறிமுகப்படுத்தியது. 2007 இல் வந்த வி-70 இல் கதவோரத்து இருக்கைகள் இரண்டிலும் அவ்வசதியைப் பெற முடிந்தது. அப்போது இடையில் மூன்றாவது ஆசனத்துக்குத் தாராளமான இடம் கிடைத்துவிடுகிறது.

வொல்வோவின் அந்த மடிப்பு உயர்த்தி 35 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய சிந்தனை. முல்டிப்லாவின் மூன்றுக்கு மூன்று ஏற்பாடு கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. விஞ்ஞானம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டிய தேவை இங்கில்லை. புதிய கார்களைச் சோதித்து நட்சத்திரப் புள்ளி வழங்கும் யூரோ என்கப் அமைப்பு, குழந்தை ஆசனங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதையும் இப்போதே பரிசோதிக்கிறது. பின்னால் மூவர் அமரலாம் என்று விற்கப்படும் காரில் மூன்று ஆசனங்கள் அருகருகே பொருந்தாவிட்டால் புள்ளியைக் குறைப்பது என்று அது தீர்மானித்தால் போதும். அடுத்த தலைமுறைக் கார்களின் பின்னிருக்கை தானாகவே அகலும். நட்சத்திரம் ஒன்றை இழப்பதைவிட மெத்தையைத் திருத்துவது உற்பத்தியாளருக்கு மலிவு. இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பெற்றோர் சங்கங்களில் இருக்கின்ற எம்மவர்கள் இக்கோரிக்கையை எழுத்தில் முன்வைக்கவேண்டும் என்பது எனது வேண்டுகோள். மூன்று பேருக்கென்று விற்ற இருக்கையில் மூன்று பிள்ளைகளைப் பாதுகாப்பாக இருத்த இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளைக் கேட்பதாகும்.